திரும்பத் திரும்ப ஓடினால் என்ன தப்பு?

அமெரிக்கப் பிள்ளைகள் வீடியோ கேம் ஆடும்போது ஒருவரை ஒருவர் திட்டுவதற்கு "சீஸ்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ரொட்டியில் வைத்துத் தின்கிற அதே சீஸ்தான். ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்து ஒருவன் ஜெயித்தால் அவன் "சீஸ்" பண்ணுகிறான் என்று அர்த்தம். அப்படிப் பண்ணுகிறவன் "சீஸர்". ரோமாபுரிச் சீசருக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை.

இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இந்தச் சீஸ் வழக்குதான். பேரனும் அவன் பள்ளித் தோழர்களுமாக எட்டுப் பேர், காலேஜ் ஃபுட்பால் வீடியோ கேமில் தங்களுக்குள் ஒரு லீக் நடத்துகிறார்கள். அதில் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரே ஓட்டத்தைத் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் யாரும் ஆடக்கூடாது. மூன்றாவது தடவையும் அதையே ஆடினால் பந்தை எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். என் மகனும் "நியாயம்தானேப்பா, பசங்களுக்குள்ள சண்டை இல்லாம போகும்" என்கிறான். இதில் நியாயம் எதுவும் இல்லை என்பது என் கட்சி. சாப்பாட்டு மேஜையில் சொன்னால் பாதியில் எழுந்து போகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயத்துக்குப் போவதற்கு முன், இந்த ஊர் ஃபுட்பாலைப் பார்த்திராதவர்களுக்கு நாலு வரி. மைதானம் 100 கஜ நீளம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் "டவுன்" என்று பெயர். நான்குக்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக நான்கு கிடைக்கும். முன்னேற இரண்டே வழி: பந்தை எறிந்து பிடிக்கலாம், அல்லது கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். க்வாட்டர்பேக் என்பவர் பந்தை முதலில் வாங்குவார். அவர் எறியலாம், பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுக்கலாம், இல்லையென்றால் தானே ஓடலாம். ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே திட்டமிட்டு ஆடுகிறார்கள். அந்தத் திட்டத்துக்குத்தான் "ப்ளே" என்று பெயர். அவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த கேமுக்கே ஒரு கதை உண்டு. 2013 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அதற்குப் பிறகு 11 வருடம் எதுவும் வரவில்லை. கல்லூரி விளையாட்டு வீரர்களின் உருவத்தையும் அடையாளத்தையும் வைத்து மற்றவர்கள் சம்பாதிக்கிறார்கள், வீரர்களுக்குக் காலணா இல்லை என்று எட் ஓபேனன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர் வழக்குப் போட்டார். அதன் பின் கம்பெனி இந்த கேமையே நிறுத்திவிட்டது. 2021-இல் விதிகள் மாறி, வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் வாங்கலாம் என்று ஆனது. 2024 ஜூலையில் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் "காலேஜ் ஃபுட்பால் 25" என்று மறுபடி கொண்டுவந்தது. சம்மதித்த வீரர்களுக்குத் தலைக்கு 600 டாலரும் ஒரு கேமும் கொடுத்தார்கள். கேம் கடைக்கு வந்த வாரத்தில் எங்கள் தெருவில் ஒரு பையன்கூட வெளியே தலை காட்டவில்லை.

மகன் வீடு ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில். வருடத்தில் ஆறு மாதம் நான் இங்கே. இந்த ஊரில் ஃபுட்பால் தெரியாமல் ஆறு மாதம் ஓட்டுவது, மார்கழி மாதம் மயிலாப்பூரில் இருந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. கணக்குத் துறையில் 34 வருடம் இருந்தவன் நான். எதைப் பார்த்தாலும் கோடு போட்டு எழுதிவைக்கிற வியாதி உண்டு. பேரன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ப்ளேயையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். லீக்கின் அதிகாரபூர்வமற்ற கணக்குப்பிள்ளை நான்தான்.

இந்தச் சட்டம் யாருக்காக வருகிறது என்பதை அந்த நோட்டே சொல்லும். எட்டுப் பேரில் ஒரு பையன் இந்த வருடம்தான் சேர்ந்தவன். மற்ற ஏழு பேரும் சின்ன வயசிலிருந்து கூடவே ஆடிப் பழகியவர்கள். இவனுக்கு எறிகிற ஆட்டம் வராது. எறிந்தால் பாதி நேரம் எதிராளி கையில் போய் விழும். அதனால் வலது பக்கம் ரன்னிங் பேக்குக்குப் பந்தைத் தூக்கிப் போட்டு ஓரமாக ஓடவிடும் ஒரே ஒரு ப்ளேயை, "டாஸ்" என்பார்கள், உட்கார்ந்து பழகி வைத்திருக்கிறான். எப்போது திரும்ப வேண்டும், எந்த ஆள் பின்னால் ஒளிந்து ஓட வேண்டும், எப்போது வேகப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. பேரன் அவனிடம் 28-10 என்று தோற்றான். தோற்ற பிறகு சொன்ன வார்த்தைதான் சீஸ். மறுநாள் அந்த வார்த்தையை ஏழு பேரும் சொன்னார்கள். மூன்றாம் நாள் சட்டம் வந்தது.

என் நோட்டில் அந்த ஆட்டத்தின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பையன் ஆடிய 40 ப்ளேயில் 26 அதே வலது பக்க டாஸ். சரி, குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் பக்கத்துக் கட்டத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது. அந்த 26-இல் 19 தடவை பேரன் நிறுத்திய தடுப்பு வரிசையும் ஒன்றேதான். எறிகிற பந்தைத் தடுப்பதற்காக ஓடுகால் ஆட்கள் ஐந்து பேரைப் பின்னால் பரப்பி வைக்கும் வரிசை. அவன் ஒரே ஓட்டம் ஓடினான், இவன் ஒரே இடத்தில் ஆளை நிறுத்தினான். சீஸ் இரண்டு தட்டிலும்தான் இருந்தது. ஒரு தட்டைக் காட்டி மட்டும் சட்டம் போடுகிறார்கள்.

திரும்பத் திரும்ப ஓடுவது இந்த ஆட்டத்துக்குப் புதிதா என்ன? இதே கொலம்பஸில் 1951 முதல் 1978 வரை ஒஹாயோ ஸ்டேட் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் வூடி ஹேய்ஸ். அவருடைய ஆட்டத்துக்கு ஊர் வைத்த பெயர் "மூன்று கஜம், ஒரு புழுதிப் படலம்". நடுவில் புகுந்து மூன்று கஜம், எழுந்து நின்று மறுபடி மூன்று கஜம். சலிக்கச் சலிக்க அதையே ஆடினார். யாரும் அவரைச் சீஸர் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் தெரு இருக்கிறது.

இன்னொன்று. 2018 செப்டம்பரில் ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணி ஓக்லஹோமாவோடு மோதியது. ஓக்லஹோமா அப்போது நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்று. ராணுவக்காரர்களுக்கு உடல்கட்டிலும் வேகத்திலும் அவர்களோடு போட்டி போட முடியாது. என்ன செய்தார்கள்? ஓடினார்கள். ஓடிக்கொண்டே இருந்தார்கள். 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்கள் கையிலேயே இருந்தது. எதிரணியின் க்வாட்டர்பேக் கைலர் மர்ரி அந்த வருடம் நாட்டின் சிறந்த வீரர் பரிசு வாங்கியவர். அவரைப் பாதி ஆட்டத்துக்கும் மேல் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். கூடுதல் நேரம் வரை இழுத்துத்தான் ஓக்லஹோமாவால் 28-21 என்று ஜெயிக்க முடிந்தது. இளைத்தவனுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் பல நேரம் இதுதான். அதைப் பிடுங்கிவிட்டு "இனி சமமாக ஆடுவோம்" என்றால் அது சமம் இல்லை.

ஆனால் வழக்கில் என் முக்கியமான சாட்சி இது இல்லை. 2025 ஜனவரி 20, அட்லாண்டா. தேசிய சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டம். ஒஹாயோ ஸ்டேட்டும் நோட்ர டேமும். எங்கள் தெருவே அன்று ஊரடங்கு மாதிரி இருந்தது. முதல் முறை பந்து நோட்ர டேமிடம். 18 ப்ளே, 75 கஜம், 9 நிமிடம் 45 நொடி. அதில் ஏறக்குறைய பாதி தடவை க்வாட்டர்பேக் ரைலி லெனார்ட் தானே பந்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே புகுந்தார். நாலு கஜம், மூன்று கஜம், ஐந்து கஜம். கடைசியில் அவரே கோட்டைத் தாண்டினார். பேரன் தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு "சீஸ் பண்றான் தாத்தா!" என்று கத்தினான்.

ஒஹாயோ ஸ்டேட் நடுவரிடம் போய் முறையிடவில்லை. அடுத்த முறையிலிருந்து உள்ளே புகும் பாதையை அடைத்தார்கள். அந்த முதல் ஏழு புள்ளிக்குப் பிறகு தொடர்ந்து 31 புள்ளி எடுத்தார்கள். கடைசிக் கணக்கு 34-23. லெனார்ட் அன்று மொத்தம் 17 தடவை ஓடி எடுத்தது 40 கஜம். அதில் பெரும் பகுதி அந்த முதல் பத்து நிமிடத்திலேயே வந்தது. ஓட்டத்துக்குப் பதில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. இந்தப் பையன்கள் மூன்றாவது ப்ளேயிலேயே சட்டப் புத்தகத்தைத் தூக்குகிறார்கள்.

பதில் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெறுமனே "முயற்சி செய்" என்று சொல்கிற தாத்தா நான் இல்லை.

முதலில் கணக்கு. நான்கு தடவையில் 10 கஜம். நான்காவது தடவையைப் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்துவிடப் பயன்படுத்துவார்கள். ஆகக் கையில் இருப்பது மூன்று. தடவைக்கு மூன்று கஜம் சொச்சம் கிடைத்தால் ஓடுகிறவன் காலமெல்லாம் ஓடலாம். மூன்றில் ஒரே ஒரு தடவை அவனை நின்ற இடத்திலேயே விழத்தட்டிவிட்டால், மிச்சம் இரண்டில் அவன் ஐந்து ஐந்து எடுக்க வேண்டும். ஒரு கஜம் பின்னால் தள்ளிவிட்டால் ஐந்தரை ஐந்தரை. டாஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எப்போதும் அது முடியாது. எறிய வேண்டிவரும். எறிய வராத பையனுக்கு அதுதான் கண்டம். பேரன் செய்தது என்னவென்றால், ஒவ்வொரு ஓட்டத்தையும் பூஜ்யமாக்கப் பார்த்தான். மூன்று கஜம் கொடுத்தாலே அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அடுத்த தடவை முன்னால் பாய்ந்தான். அந்த ஓட்டையில் 40 கஜம் போயிற்று. மூன்று கஜத்தைக் கொடுத்துப் பழக வேண்டும். சில்லறை போகட்டும், நோட்டு போகக்கூடாது.

இரண்டாவது, தலை எண்ணுவது. இது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தடுக்கிற பக்கம் 11 பேர். ஓடுகிற பக்கமும் 11 பேர்தான், ஆனால் பந்தோடு ஓடுகிறவன் யாரையும் தடுக்க மாட்டான். பந்தைக் கொடுத்துவிட்ட க்வாட்டர்பேக்கும் பெரும்பாலும் சும்மா நிற்பார். ஆக வழிவிடச் செய்யும் ஆட்கள் 9. தடுக்கிற பக்கம் இரண்டு பேர் உபரி. அந்த உபரி இரண்டு பேரையும் 15 கஜம் பின்னால் காவலுக்கு நிறுத்திவிட்டு "ஆள் போதவில்லை" என்றால் எப்படி? எதிராளி எத்தனை ரன்னிங் பேக், எத்தனை டைட் எண்ட் என்று களத்தில் இறக்குகிறான் என்பதை நீ தடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே திரையில் எழுதிக் காட்டுகிறது இந்த கேம். கனமான ஆட்களைக் கொண்டுவந்தால் நீயும் கனமான வரிசையைப் போடு. நாலு பேர் முன்வரிசை, மூன்று லைன்பேக்கர். பின்னால் நிற்கும் சேஃப்டி ஒருவரை எட்டு கஜத்துக்கு முன்னால் இறக்கு.

க்வாட்டர்பேக் தானே ஓடும் ப்ளேயில் கணக்கு மாறும். அப்போது ரன்னிங் பேக்கும் வழிவிடச் செய்யும் ஆளாகிவிடுவான். எதிர்ப் பக்கம் 9 என்பது 10 ஆகிவிடும். அதனால்தான் லெனார்டின் ஓட்டம் முதலில் அவ்வளவு தொந்தரவு கொடுத்தது. இங்கே ஒரு லைன்பேக்கரை க்வாட்டர்பேக்கையே பார்த்துக்கொண்டிருக்கும்படி நியமிக்கலாம். "ஸ்பை" என்பார்கள். பந்தைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று ஓர ஆளின் நடையைப் பார்த்து முடிவு செய்யும் "ரீட் ஆப்ஷன்" ஓட்டத்துக்கு, அந்த ஓர ஆள் யாரைப் பிடிக்க வேண்டும் என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவைக்க கேமில் வசதி இருக்கிறது. எட்டுப் பேரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டு பேர்தான்.

மூன்றாவது, ஓரம். டாஸ் மாதிரி வெளிப்பக்கம் ஓடும் ஓட்டத்துக்கு உயிர் ஓரத்தில் இருக்கிறது. ஓர ஆள் உள்ளே மடங்கினால் வெளியே ராஜபாட்டை. அவன் ஓடுகிறவனைப் பிடிக்கவே வேண்டாம். வெளியே போகவிடாமல் நின்று, ஓட்டத்தை உள்பக்கம் திருப்பிவிட்டால் போதும். உள்ளே மற்றவர்கள் இருக்கிறார்கள். சடுகுடுவில் ஓரத்தில் நிற்பவன் கொஞ்சம் பொறுத்து, பாடி வருகிறவனை நடுவுக்குத் தள்ளிவிடுவான் அல்லவா, அதேதான். இந்தப் பிள்ளைகளோ அந்த ஓர ஆளைத்தான் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, பந்து எழும்பியதும் மாட்டை அவிழ்த்துவிட்டது போல க்வாட்டர்பேக்கைப் பார்த்து ஓடுகிறார்கள். க்வாட்டர்பேக்கிடம் போய்ச் சேரும்போது பந்து அங்கே இருப்பதில்லை. நடு லைன்பேக்கரையோ, இறங்கி நிற்கும் சேஃப்டியையோ கையில் எடுத்துக்கொண்டு, அரை நொடி சும்மா நின்று பார்த்துவிட்டுப் போகலாம். அரை நொடி சும்மா நிற்பது 14 வயசில் எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும்.

வலது பக்கம்தான் வருகிறான் என்று தெரிந்த பிறகு முன்வரிசையை அந்தப் பக்கம் ஒரு அடி நகர்த்துவது, சாய்ந்து பாயச் சொல்வது, இதற்கெல்லாம் தலா ஒரு பொத்தான். நடுவில் புகுகிறான் என்றால் வரிசையை நெருக்கிக் குவிப்பது. ஆளுக்கு ஆள் பின்தொடரும் தடுப்பில், தடுக்கிறவர்கள் தங்கள் ஆளோடு ஓடி, முதுகைக் காட்டிவிடுவார்கள். ஓட்டம் அவர்களைத் தாண்டிப் போவது அவர்களுக்கே தெரியாது. இடம் பார்த்து நிற்கும் "ஸோன்" தடுப்பில் கண் பந்தின் மேல் இருக்கும். பிறகு அந்தப் பெரிய அடி. வலது குச்சியைத் தள்ளி விழுந்து அடிக்கும் அடி. பட்டால் கூட்டம் எழுந்து நிற்கும். தவறினால் ஓடுகிறவன் கையசைத்துவிட்டுப் போவான். காலைக் கட்டிச் சாதாரணமாக விழத்தட்டுவதில் யாருக்கும் கைதட்டல் கிடைக்காதுதான்.

கேம் செய்தவர்களே ஓடுகிறவனுக்கு ஒரு வரி போட்டும் வைத்திருக்கிறார்கள். "வேர் அண்ட் டேர்" என்று பெயர். அடி வாங்க வாங்க அந்த வீரனின் உடம்பில் எந்தெந்த இடம் எவ்வளவு தேய்ந்தது என்று கணக்கு வைத்து, அவன் திறமையை அதற்கேற்பக் குறைக்கிறார்கள். ஒரே ஆளை 26 தடவை ஓடவிட்டால் அவன் கடைசிக் கால் பங்கில் முதல் கால் பங்குக்காரனாக இருக்க மாட்டான். மூன்று கஜத்தில் ஒவ்வொரு தடவையும் விழத்தட்டியிருந்தால் இந்த வரி தானே வசூலாகியிருக்கும்.

சரி, எந்த ஓட்டத்தையும் தடை செய்யவே கூடாதா என்று மகன் கேட்டான். வக்கீல் மாதிரி மடக்கிவிட்டதாக நினைப்பு. தடை செய்த சரித்திரம் இருக்கிறது. 1892-இல் ஹார்வர்டு "பறக்கும் ஆப்பு" என்று ஒரு ப்ளேயைக் கொண்டுவந்தது. ஆட்கள் ஆப்பு வடிவில் சேர்ந்து, வேகமாக ஓடிவந்து, எதிரணியின் ஒரே இடத்தில் மொத்தமாக மோதுவார்கள். எலும்பு முறிந்தது. 1894-இல் தடை செய்தார்கள். திரும்பத் திரும்ப வந்தது என்பதற்காகத் தடை செய்யவில்லை. ஆள் சாவான் என்பதற்காகத் தடை செய்தார்கள். பிறகும் ஆட்டத்தில் உயிர்ச்சேதம் தொடர்ந்து, 1905-இல் பெரிய கூச்சல் எழுந்தபோது, ஓட்டத்தை அவர்கள் ஒழிக்கவில்லை. அடுத்த வருடம் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று ஒரு வழியைத் திறந்துவிட்டார்கள். ஐந்து கஜம் என்றிருந்ததைப் பத்து கஜம் ஆக்கினார்கள்.

நம்மவர்களுக்குத் தெரிந்த உதாரணம் கிரிக்கெட்டில் இருக்கிறது. 1981 பிப்ரவரி, மெல்போர்ன். கடைசிப் பந்தில் நியூஸிலாந்துக்குச் சமன் செய்ய ஆறு வேண்டும். ட்ரெவர் சாப்பல் பந்தைத் தரையோடு தரையாகக் கையடியில் உருட்டிவிட்டார். உருண்டு வரும் பந்தை ஆறுக்கு அடிக்க உலகத்தில் எவராலும் முடியாது. பதில் இல்லாத தந்திரம் அது. பிறகு தடை வந்தது, சரிதான். இந்த கேமிலும் அப்படி ஏதாவது இருந்தால், நிரலில் பிழை இருந்து தடுக்கிற ஆள் மரமாக நின்றுவிடுகிறான், என்ன வரிசை போட்டாலும் அப்படியே நடக்கிறது என்றால், தாராளமாகத் தடை செய்யட்டும். நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். வலது பக்க டாஸ் அப்படியா? ஒரு பரிசோதனை சுலபம். லீக்கில் முதலிடத்தில் இருக்கும் பையன் இதே புதுப் பையனை இரண்டு தடவை தோற்கடித்திருக்கிறான். இரண்டிலும் அந்த டாஸைச் சராசரி மூன்று கஜத்துக்குள் நிறுத்தியிருக்கிறான். நோட்டில் இருக்கிறது. சட்டத்துக்கு முதலில் கை தூக்கியதும் அவன்தான் என்பது வேறு விஷயம்.

சட்டம் போட்டால் யார் எண்ணுவது என்பதையும் யோசிக்கவில்லை. வலது டாஸை இடது பக்கம் திருப்பி ஆடினால் அது அதே ப்ளேயா, வேறா? வேறு வரிசையில் நின்று அதே டாஸ்? இரண்டு டாஸுக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு பந்தை வெளியே எறிந்துவிட்டு மறுபடி இரண்டு டாஸ்? தணிக்கையில் 34 வருடம் இருந்தவன் சொல்கிறேன், இந்தச் சட்டத்தை ஏமாற்ற எனக்கு ஒரு பிற்பகல் போதும். பையன்களுக்கு பத்து நிமிடம். பிறகு சண்டை ஆட்டத்தைப் பற்றி இருக்காது, சட்டத்தின் அர்த்தத்தைப் பற்றி இருக்கும். மகன் நினைக்கிற அமைதி வரவே வராது.

அவர்கள் தரப்பில் எனக்கு உறைக்கிற வாதம் ஒன்று உண்டு: "போர் அடிக்குது தாத்தா." நான்கு கால் பங்கும் ஒரே ஓட்டத்தைப் பார்ப்பது சலிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் சலிப்பு யார் உண்டாக்கியது? டெக்ஸாஸ் அணி 1968-இல் "விஷ்போன்" என்று ஒரு ஓட்ட வரிசையைக் கொண்டுவந்தது. அதை வைத்துத் தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயித்தார்கள். 1970 புத்தாண்டில் நோட்ர டேமும் அவர்களிடம் தோற்றது. அதன் பயிற்சியாளர் ஆரா பார்சீகியன் அடுத்த வருடம் அதே நாளில் அதே டெக்ஸாஸைச் சந்தித்தபோது, தன் தடுப்பு ஆட்களை விஷ்போனுக்கு எதிரே கண்ணாடி பிம்பம் மாதிரி நிறுத்தினார். ஒவ்வொரு ஓட்டக்காரனுக்கும் ஒருவன். டெக்ஸாஸ் பந்தைப் பலமுறை நழுவவிட்டு 24-11 என்று தோற்றது. அந்த ஆட்டத்தைச் சலிப்பு என்று யாராவது சொல்வார்களா? ஓட்டம் அதேதான். தடுப்பு மாறியது.

எனக்கு இதில் உண்மையில் கவலை அந்தப் புதுப் பையனைப் பற்றித்தான். டாஸைத் தடுத்தால் அவன் இரண்டாவது ப்ளே ஒன்றைக் கற்றுக்கொள்வான். கற்றுக்கொண்டே ஆக வேண்டும். டாஸைத் தடை செய்தால் அவன் லீக்கிலிருந்து போய்விடுவான். ஏழு பேராக இருந்த கூட்டம் மறுபடி ஏழு பேர் ஆகும். எவரும் எவரையும் துரத்தவில்லை, விதிதான் அப்படி, என்று சொல்லிக்கொள்ளலாம். அலுவலகத்தில் இப்படிப்பட்ட சுற்றறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் போடாமல் ஒரே ஒருவருக்காக எழுதப்பட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஓட்டெடுப்பு. எனக்கு ஓட்டு இல்லை. நோட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பேரனிடம் கிழித்துக் கொடுத்திருக்கிறேன், தடுப்புக் கட்டத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு. எந்தப் பக்கம் கை தூக்குவான் என்று அவன் இன்னும் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் பயிற்சி ஆட்டத்தில் கம்ப்யூட்டரை டாஸ் ஆடவிட்டு ஒரு மணி நேரம் தடுத்துக்கொண்டிருந்தான். நடுவில் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்:

"தாத்தா, சேஃப்டியை எட்டு கஜத்துலயா நிறுத்தச் சொன்னீங்க, பத்துலயா?"

"எட்டு" என்றேன்.